நைரோபி – லாகோஸ்: தூரத்தை வைத்துப் பயண நேரம் போடுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாஸ்போர்ட்டை மறப்பது, தாமதமாகக் கிளம்புவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. ஆப்பிரிக்க நகரங்களுக்கு இடையே பயண ஏற்பாடு செய்யும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், தொடக்கத்தில் நான் போட்ட அதே தப்புக் கணக்கைப் போடுவதைப் பார்க்கிறேன்.

வரைபடத்தைக் கண்ணால் அளப்பது

வழக்கமான உலக வரைபடத்தில் ஐரோப்பா உள்ளதைவிடப் பெரிதாகவும், அதனோடு ஒப்பிட ஆப்பிரிக்கா உள்ளதைவிடச் சிறிதாகவும் தெரியும். கென்யாவின் நைரோபிக்கும் நைஜீரியாவின் லாகோஸுக்கும் வான்வழியில் சுமார் 3,830 கி.மீ. லண்டனிலிருந்து கெய்ரோவுக்கே அவ்வளவு தூரம் இல்லை.

வகுத்து வந்த நேரத்தைக் கிளம்பும் நேரத்தோடு கூட்டுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மணிக்கு 800 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 4 மணி 47 நிமிடம் வரும். அது வானில் பறக்கும் நேரம் மட்டுமே. கால அட்டவணையில் இருப்பதோ, விமானம் புறப்படும் நிலையத்தின் வாசலிலிருந்து (கேட்) நகர்ந்து, இறங்கும் நிலையத்தின் வாசலில் நிற்கும் வரையிலான நேரம். இந்தப் பாதையில் சுமார் 5 மணி நேரம் ஆகும். அதற்கு மேல் கடிகார வித்தியாசம்: லாகோஸைவிட நைரோபி 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

எங்களிடம் வேலை பழகிய தம்பி ஒருவர் ஒரு பொறியாளரை லாகோஸிலிருந்து நைரோபி வழியாக, கென்யாவின் கடலோர நகரமான மொம்பாசாவுக்கு அனுப்பினார். லாகோஸில் பகல் 1 மணிக்கு விமானம். நாலே முக்கால் மணி நேரத்தைக் கூட்டி, மாலை 5.45க்கு நைரோபி என்று எழுதிக்கொண்டார். இரவு 7.30 மொம்பாசா விமானத்துக்குத் தனி டிக்கெட்டும் எடுத்துவிட்டார். முதல் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. சொன்னபடி இரவு 8 மணிக்கு இறங்கியது. அதற்குள் மொம்பாசா விமானம் போயே போய்விட்டது.

தனி டிக்கெட் என்பதால் பணமும் போனது. ஒரே முன்பதிவில் கேட்டிருந்தால் அந்த இணைப்பை விற்றிருக்கவே மாட்டார்கள். இறங்கும் நேரம் உள்ளூர் மணியில் டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. அதைப் பார்க்காமல் கணக்குப் போட என்ன அவசியம்? எதிர்த்திசையில் கதை மாறும்: நைரோபியில் காலை 9க்கு ஏறினால் லாகோஸில் பகல் 12.15 போல இறங்கலாம். மூணேகால் மணிப் பயணம் என்று பயணியிடம் சொல்லிவிடாதீர்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே வித்தியாசம் என்று நம்புவது

நைரோபியும் லாகோஸும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. எகிப்து 2023 முதல் மறுபடியும் கோடையில் ஒரு மணி கூட்டுகிறது; அப்போது கெய்ரோவிலும் நைரோபியிலும் ஒரே மணி.

மைல்

விமானத் துறையில் மைல் என்றால் தரை மைல் அல்ல, கடல் மைல்தான்: ஒன்று 1.852 கி.மீ.

மாறிப் போகும் பயணத்துக்கும் அதே தூரத்தை எழுதுவது

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வழியாகப் போனால் அதே இரு நகரங்களுக்கு இடையே 5,000 கி.மீ.க்கு மேல் ஆகிறது. காத்திருப்பு தனி. ஆப்பிரிக்காவில் பல நகரங்களுக்கு நேரடி விமானமே கிடையாது. ஒரு நாட்டு விமான நிறுவனம் மற்ற நாடுகளுக்குத் தடையின்றிப் பறக்கும்படி வான்வெளியைத் திறக்க, ஆப்பிரிக்க நாடுகள் 1999இல் ஐவரி கோஸ்ட்டின் யாமுசுக்ரோவில் முடிவெடுத்தன; 2018இல் அதற்காக ஒற்றை வான் சந்தையைத் தொடங்கின. ஆனாலும் வேலை முடியவில்லை.

அடிஸ் அபாபாவில் "மூன்று மணிக்கு வருகிறேன்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது

அங்கே பகல் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். டாக்சி ஓட்டுநர் சொல்லும் மூன்று, நமக்குக் காலை ஒன்பது. விமான டிக்கெட்டில் மட்டும் நமக்குப் பழகிய மணிதான் இருக்கும்.