வீட்டு இஞ்சி பீர்: முதல் தடவை பாட்டிலில் அடைப்பவர்களுக்கு

பேரில் பீர் இருந்தாலும் இது சரக்கு இல்லை. நிஜ பீரை வீட்டில் காய்ச்ச நம் மாநிலத்தில் வழியில்லை, 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இஞ்சி பீர் என்பது இஞ்சி, சீனி, எலுமிச்சை, தண்ணீர், அதோடு இஞ்சித் தோலில் தானாகவே இருக்கும் ஈஸ்ட், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாள் வெளியில் வைத்து, கேஸ் ஏறியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவோம். புளிக்கிற எதையும் போல இதிலும் துளி ஆல்கஹால் உண்டாகத்தான் செய்யும், நாள் கூடினால் அதுவும் கூடும், அதனால் இழுத்தடிக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் மாசமாக இருப்பவர்களுக்கும் வேண்டாம், அவர்களுக்குப் பானகம் கரைத்துக் கொடுங்கள்.

பாட்டிலில் அடைக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் நானும் இவரும். இவருக்கு ஊற்றுகிற வேலை, எனக்குப் புனல். "மெதுவா ஊத்துங்க", "நீ ஆட்டாமப் பிடி" என்று ஒரு சண்டை வரும், வரட்டும்.

முதலில் ஸ்டார்ட்டர், அதாவது தயிருக்கு உறைமோர் மாதிரி, ஈஸ்ட்டைப் பெருக்கி வைக்கிற கலவை. ஒரு கண்ணாடி ஜாடியில் அரை லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தோலோடு துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி. இஞ்சியை மண் போகக் கழுவினால் போதும், தோலைச் சீவாதீர்கள், நமக்கு வேண்டிய ஈஸ்ட் அங்கேதான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஈஸ்ட் சுணங்கும், அதற்காகத்தான் காய்ச்சச் சொல்கிறேன். வாயை வேட்டித் துணியால் கட்டி, தினமும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சீனியும் போட்டுக் கிளறி வாருங்கள். காரைக்குடி வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் நுரை கட்டும், மார்கழி என்றால் ஒரு வாரம்கூட ஆகும். ஜாடியில் காதை வைத்தால் சன்னமாகப் பொரிகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வராமல் அடுத்த வேலையில் இறங்காதீர்கள். மேலே பூஞ்சை படர்ந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இப்போது பாட்டில், இந்தச் செய்முறையில் பாதிக் கவலை இதுதான்.

சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் முதல் தடவைக்கு நல்லது. அது கேஸைத் தாங்கவே செய்தது. மினரல் வாட்டர் பாட்டில் உதவாது, மெலிசு. கடைகளில் எண்ணெய் ஊற்றி வைக்க அழகாக விற்கிற கம்பிப் பூட்டு போட்ட சதுரக் கண்ணாடி பாட்டிலும் வேண்டாம், அழுத்தம் ஏறினால் மூலையில்தான் முதலில் விரிசல் விடும். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கிற பழைய பாட்டில்களைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான், ரங்கூன் காலத்துச் சாமான் என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள். வாங்கி முகப்பில் அடுக்கி வைக்கலாம். எத்தனை கை மாறி, எங்கே கீறல் விட்டிருக்கிறதோ, அதில் கேஸ் மட்டும் ஏற்றாதீர்கள்.

அப்படியென்றால் கோலி சோடா பாட்டில்? எல்லோரும் கேட்பார்கள். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. கேஸ் ஏற்றிய தண்ணீரைத் தலைகீழாக நிரப்பும்போது கோலி உருண்டு வாயிலுள்ள ரப்பர் வளையத்தில் உட்காரும், உள்ளே இருக்கிற அழுத்தமே அதைப் பிடித்து வைக்கும். நம் கேஸோ மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. நிமிர்த்தி வைத்த பாட்டிலில் கோலி ஏறி உட்காரவே உட்காராது, வந்த கேஸெல்லாம் வெளியே போய்விடும்.

பாட்டில்களைச் சோப்பு போட்டுக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக அலசிக் கவிழ்த்து வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணிக்கொள்ளும். உள்ளே துணி விட்டுத் துடைக்கவும் வேண்டாம்.

அடுத்தது இஞ்சித் தண்ணீர். இரண்டு லிட்டருக்கு 100 கிராம் இஞ்சி, 160 கிராம் சீனி, இரண்டு எலுமிச்சம்பழம். ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டிய இஞ்சியையும் சீனியையும் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விட்டு இறக்கி, ஏற்கனவே காய்ச்சி ஆற வைத்த இன்னொரு லிட்டரை அதில் சேருங்கள், சீக்கிரம் சூடு தணியும். எவர்சில்வர் பாத்திரமே போதும். பரண் மேலிருக்கும் பித்தளை அண்டாவை இதற்காக இறக்காதீர்கள், ஈயம் போன பித்தளையில் எலுமிச்சை பட்டால் களிம்பு இறங்கும். விரலை விட்டால் சூடே தெரியாத பதம் வந்ததும் எலுமிச்சைச் சாறு, அப்புறம் வடிகட்டிய ஸ்டார்ட்டர் 100 மில்லி. சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், எத்தனை நாள் காத்தாலும் கேஸ் வராது. வாயில் விட்டுப் பாருங்கள், குடிக்க வேண்டிய இனிப்பைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். ஈஸ்ட் தின்றது போக மீதிதானே நமக்கு.

எல்லாவற்றையும் வேட்டித் துணியை இரண்டாக மடித்து ஒரு தடவை வடிகட்டுங்கள். சோம்பல் பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. உள்ளே மிதக்கிற இஞ்சித் தும்பைச் சுற்றித்தான் குமிழி கட்டும், மூடியைத் திறந்த நொடியில் பாதி பாட்டில் சுவரில் இருக்கும்.

இனி ஊற்றலாம். ஒருவர் புனலைப் பிடிக்க, மற்றவர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால் பாத்திரத்தை அடியோடு ஒரு கலக்குக் கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஈஸ்ட் அடியில் படியக்கூடியது. கலக்காமல் ஊற்றினால் முதல் பாட்டில் சப்பென்றும் கடைசி பாட்டில் வெடிக்கிற மாதிரியும் வந்து நிற்கும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் இடுப்பை அழுத்தி, உள்ளிருக்கும் காற்று வெளியேறித் தண்ணீர் கழுத்துக்கு ஏறி வரும்போது, அழுத்தின கையை எடுக்காமல் மூடியைத் திருகுங்கள். இங்கேதான் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும், ஒருவர் அழுத்த, ஒருவர் திருக. இப்போது பாட்டில் ஒட்டிய வயிறோடு நிற்கும். கேஸ் வர வர அந்தப் பள்ளம் தானாக நிமிரும், பிறகு இறுகும். இதைவிட எளிதான மீட்டர் கிடையாது.

அந்த மீட்டரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பாட்டிலில் அடைக்கிற கட்டத்தில் இது பீரைவிட ஆபத்தானது. பீர் காய்ச்சுகிறவர்கள் முதலில் சர்க்கரை முழுவதும் புளித்துத் தீரும்வரை விட்டுவிடுவார்கள். அடைக்கும்போது லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரையை மட்டும் அளந்து சேர்ப்பார்கள், அது தீர்ந்ததும் கேஸ் தானாக நின்றுவிடும். நம்முடையதில் அந்த வரம்பு இல்லை. ஈஸ்ட் தின்கிற நாலு கிராம் சீனிக்குச் சுமார் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். கடைக் கோலாவில் ஒரு லிட்டருக்கு நாலு லிட்டர் கேஸுக்குள்தான் இருக்கும். நாம் போட்டதோ லிட்டருக்கு 80 கிராம், அத்தனையும் புளித்தால் 20 லிட்டர். எந்த பாட்டில் தாங்கும்? நாம் கவனித்து நிறுத்தினால்தான் அது நிற்கும்.

நிரப்பிய பாட்டில்களை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலோ அட்டைப் பெட்டியிலோ நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழைய வீடு என்றால் சுண்ணாம்புச் சுவர் உள்ள இரண்டாங்கட்டு அறை சரியாக இருக்கும். மாடியில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே சித்திரை மாதம் வைப்பது விஷப்பரீட்சை. வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அழுத்திப் பாருங்கள், ஒரே நாளில்கூட முடிந்துவிடும். கட்டை விரலால் அழுத்தி உள்ளே போகவில்லை என்றால் அந்த நேரமே எல்லா பாட்டிலும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், "காலையில் பார்த்துக்கலாம்" என்பது கிடையாது. கல் மாதிரி இறுகியிருந்தால் மூடியை இம்மியளவு தளர்த்திக் கொஞ்சம் கேஸை விட்டுவிட்டு உள்ளே வையுங்கள்.

ஒரு ராத்திரி குளிரட்டும். குளிர்ந்தால்தான் கேஸ் தண்ணீரோடு சேர்ந்து அடங்கும். திறக்கும்போது முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், கழுவுத்தொட்டி மேல் வைத்து, துணி சுற்றி, மெல்லத் திருகுங்கள். நுரை ஏறினால் மூடுங்கள், இறங்கினதும் மறுபடி திறங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது ஈஸ்ட், குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் எனக்கு அந்த வாசம் பிடிக்காது, கடைசி இரண்டு மடக்கை விட்டுவிடுவேன். மிளகு தூக்கலாகப் போட்ட கோழி வறுவலுக்கு இது பொருத்தமோ பொருத்தம்.

ஃபிரிட்ஜில் ஈஸ்ட் சுணங்குமே தவிர சாகாது, அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள், நடுவில் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். மிச்ச ஸ்டார்ட்டரைக் கொட்ட வேண்டாம். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, வாரம் ஒரு கரண்டி இஞ்சியும் சீனியும் போட்டு வந்தால் அடுத்த தடவைக்கு ஆகும். முந்தின நாளே வெளியே எடுத்துச் சீனி போட்டு, நுரை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.