கடலோர வீடு, சொந்தப் படகு: சிங்கப்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொத்துப் பத்திர வேலை பார்க்கும் சட்ட அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். வார இறுதியில் நண்பர்களோடு படகில் லாசரஸ் தீவுப் பக்கம் போய்விடுவேன். இந்த இரண்டும் சேர்ந்து வாய்த்ததால், கடலைப் பார்த்தபடி ஒரு வீடு, கூப்பிடு தூரத்தில் ஒரு படகு என்று ஆசைப்படும் தெரிந்தவர்கள் என்னிடம் பேச வருகிறார்கள். ஆசையில் ஒரு குறையும் இல்லை. உழைத்துச் சேர்த்தவர்கள் கெப்பல் பேயிலோ செந்தோசா கோவ் பகுதியிலோ மாலைக் காற்று வாங்கினால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் தலை இடித்துக்கொண்ட அதே நிலைப்படியில்தான் இன்று வருகிறவர்களும் இடித்துக்கொள்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள்.

வரவுக்கு மீறிக் கடன் வாங்காதீர்கள், வங்கியின் முன் ஒப்புதல் இல்லாமல் வீடு பார்க்கக் கிளம்பாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

ஒருவர் பெயரில் மட்டும் வாங்குவது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

செங்காங்கில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. இருவரும் குடிமக்கள், குறைந்தபட்ச வசிப்புக் காலமான 5 ஆண்டும் முடிந்துவிட்டது. கெப்பல் பேயில் 2.4 மில்லியன் வெள்ளிக்கு காண்டோமினியம் எனும் ஒரு கூட்டுரிமை வீடு பிடித்துப்போனது. அப்போது முகவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: “அக்கா பெயரில் மட்டும் வாங்குங்கள். பிறகு அண்ணன் பெயரில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓடிபி எனும் வாங்கும் உரிமைப் பத்திரத்தில் அப்படியே கையெழுத்தானது, அடுத்த வேலைகளும் வேறோர் அலுவலகம் வழியாக முடிந்தன.

என்னிடம் அவர்கள் வந்தபோது பழைய வீட்டையும் விற்று முடித்திருந்தார்கள். “ஆறு மாதத்துக்குள் பழைய வீட்டை விற்றால் ஏபிஎஸ்டி தீர்வைப் பணம் திரும்பி வருமாமே அண்ணே, விண்ணப்பம் எப்படிப் போடுவது?” என்று கணவர் கேட்டார். நீல நிறக் கோப்பைத் திறந்தேன். வாங்குபவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதற்குக் கீழே இருந்த இரண்டாவது கோடு காலி. அந்தக் காலிக் கோட்டின் விலை 480,000 வெள்ளி.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2.4 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு வழக்கமான முத்திரைத் தீர்வை 89,600 வெள்ளி. அதை எல்லாரும் கட்டத்தான் வேண்டும். அதன் மேல் வருவதுதான் கூடுதல் முத்திரைத் தீர்வை, எல்லார் வாயிலும் ஏபிஎஸ்டி. குடிமகனுக்கு முதல் வீட்டுக்கு அது இல்லை. இரண்டாவது வீட்டுக்கு 20 விழுக்காடு, மூன்றாவதுக்கு 30. வீவக வீட்டில் அந்த அக்காவுக்கும் உரிமை இருந்ததால் இது அவருக்கு இரண்டாவது வீடு. எனவே 20 விழுக்காடு.

திரும்பக் கிடைக்கும் என்று அவர்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. ஆனால் அது மணமான தம்பதிக்கான சலுகை. இருவரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். புது வீடு இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், மூன்றாவது பெயர் கூடாது. கட்டி முடித்த வீடு என்றால் வாங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பழையது விற்றுப்போக வேண்டும். இடையில் வேறு வீடு வாங்கியிருக்கக் கூடாது. விற்ற ஆறு மாதத்துக்குள் விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும். இவர்கள் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தார்கள், ஓடியாடி நாலே மாதத்தில் விற்றிருந்தார்கள். பெயர் ஒன்று குறைந்ததால் அத்தனையும் வீண். அக்கா அப்போது அழவில்லை. கோப்பைத் திரும்ப வாங்கி, தாள்களை ஒழுங்காக அடுக்கி, “சரி, இனி என்ன செய்வது” என்றார். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

எரிச்சல் எதில் என்றால், இது முன்கூட்டியே கேட்டிருந்தால் பத்து நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்கும். உரிமைப் பத்திரத்தைச் செயல்படுத்துவதற்கு, அதாவது வாங்குவதை உறுதிசெய்வதற்கு, முன்பாவது விற்பவரின் சம்மதத்தோடு பெயரை மாற்றி எழுதி வாங்க வழி தேடியிருக்கலாம். செயல்படுத்திய நாளிலிருந்து தீர்வை கட்ட 14 நாள்தான். அதன்பின் யாரைக் கெஞ்சியும் பயனில்லை.

திரும்ப வரும் பணம்தானே என்று தைரியமாக இறங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கட்டியாக வேண்டும், பிறகுதான் வரும். வீவக வீட்டை வாங்க வந்தவர் கடன் கிடைக்காமல் பின்வாங்கினால், ஆறு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். முடிந்தவர்கள் பழையதை முதலில் விற்றுவிடுங்கள். சில மாதம் அம்மா வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருந்தால் ஏபிஎஸ்டி என்ற பேச்சே எழாது.

வீவக வீட்டில் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு மாற்றிவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். விவாகரத்து போன்ற காரணங்கள் இல்லாமல் தம்பதிக்குள் அப்படிப் பங்கு மாற்ற 2016 முதல் வழியில்லை. தனியார் வீட்டை ஒருவர் வாங்கி உடனே 1 விழுக்காட்டை இன்னொருவருக்கு விற்கும் 99-1 ஏற்பாட்டை வருவாய் ஆணையம் தோண்டித் துருவிப் பார்க்கிறது. தீர்வையைத் தட்டிக்கழிக்கச் செய்தது என்று முடிவானால் விட்டுப்போன தொகையோடு அதில் 50 விழுக்காடு கூடுதலாகவும் வசூலிக்கும். அப்படி யோசனை சொல்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள்.

நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கு ஏபிஎஸ்டி 5 விழுக்காடு. வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கு, 2023 ஏப்ரல் 27 முதல், 60 விழுக்காடு. அதே 2.4 மில்லியன் வெள்ளி வீட்டுக்கு முன்னவர் 120,000 கட்டுகிறார், பின்னவர் 1,440,000. கூட்டாக வாங்கினால் பொதுவாக இருவரில் அதிக விகிதம் யாருக்கோ அதுவே முழு விலைக்கும். எனவே சென்னையில் இருக்கும் தம்பியைப் பாசத்தில் பங்காளியாகச் சேர்க்க வேண்டாம். தஞ்சாவூரில் உள்ள வீடு இந்தக் கணக்கில் வராது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் சிங்கப்பூரில் அப்பா விட்டுப்போன வீட்டில் சிறு பங்கு இருந்தாலும் அது ஒரு வீடுதான்.

பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம் என்பது

2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை முதல் ஆண்டில் விற்றால் விலையில் 16 விழுக்காடு விற்பவர் தீர்வை. அடுத்தடுத்த ஆண்டுகளில் 12, 8, 4. நான்கு ஆண்டு தாண்டினால்தான் அது இல்லை.

குத்தகை எப்போது தொடங்கியது என்று கேட்காமல் இருப்பது

கடலோரத்தின் பெரும்பகுதி 99 ஆண்டுக் குத்தகை நிலம். கெப்பல் பேயில் கரீபியன் குடியிருப்பின் குத்தகை 1999ல் தொடங்கியது, டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த வளைந்த கோபுரங்களான ரிஃப்ளெக்‌ஷன்ஸ் 2006ல். செந்தோசா கோவ் குத்தகைகளும் 2000க்குப் பிந்தையவை. வீடு பளபளவென்று இருக்கும், வருடம் ஓடிக்கொண்டிருக்கும். மத்திய சேம நிதியை முழுமையாகப் பயன்படுத்த, வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மீதமிருக்க வேண்டும். 2007ஐ ஒட்டிய கொதிப்பில் கோவ் பகுதியில் வாங்கிய பலர் பின்னால் நட்டத்துக்குக் கைமாற்றினார்கள். கடல் தெரிகிறது என்பதற்காக விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். நீங்கள் குடியிருந்து அனுபவிக்க வாங்குங்கள்.

வெளிநாட்டவர் தரைவீட்டை முதலீடாக வாங்குவது

வெளிநாட்டவர் தரைவீடு, அதாவது நிலத்தோடு கூடிய வீடு, வாங்கக்கூடிய ஒரே இடம் செந்தோசா கோவ் என்று சொல்லலாம். அதற்கும் நில ஆணையத்தின் அனுமதி வேண்டும். குடியிருக்கத்தான் வேண்டும், வாடகைக்கு விட முடியாது.

வீட்டோடு பெர்த்தும் வரும் என்று நம்புவது

மாடத்திலிருந்து மரினா எனும் படகுத் துறைமுகம் தெரிகிறது என்பதால் அங்கே பெர்த்துக்கு, அதாவது படகைக் கட்டி நிறுத்தும் இடத்துக்கு, உரிமை வந்துவிடாது. கோவ் பகுதியில் நீரோடையை ஒட்டிய சில தரைவீடுகளுக்குப் பின்புறமே சொந்தப் படகுத்துறை உண்டு. மற்றவர்கள் எல்லாரும் மரினாவில் பெர்த் வாடகைக்கு எடுப்பவர்கள்தான். ஒன் டிகிரி 15, கெப்பல் பே, துவாஸில் இருக்கும் ராஃபிள்ஸ் மரினா என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி. உறுப்பினர் சந்தா தனியாகவும் வரலாம், மின்சாரமும் தண்ணீரும் தனி.

பெர்த் வாடகை படகின் நீளத்தைப் பொறுத்தது. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் 40 அடி என்று போட்டிருக்கும். மரினா ஊழியர் நாடாவைப் பிடிக்கும்போது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத் தாங்கியிலிருந்து பின்னால் குளிக்க இறங்கும் பலகை வரை அளப்பார். 44 அடி என்று எழுதுவார். மாதாமாதம் அந்த 44 அடிக்குத்தான் பணம். எனவே படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்த நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தப் படகுத்துறை உள்ளவர்கள், வற்றுநேரத்தில் அங்கே எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய நாள்களில் ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம் வரும்.

பழைய படகைத் தண்ணீரிலேயே பார்த்து வாங்குவது

கரையில் தூக்கி, அடிப்பாகத்தைச் சோதனையாளர் தட்டிப் பார்க்காத படகு வேண்டவே வேண்டாம். இந்த வெதுவெதுப்பான நீரில் சில வாரம் சும்மா கிடந்தாலே கொட்டலசு எனும் சிற்றுயிர் அப்பிக்கொள்ளும். அடியில் கொப்புளம் கட்டியிருப்பதும், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளப் பொருத்தும் துத்தநாகக் கட்டி கரைந்து உந்துதண்டு அரித்துப்போயிருப்பதும் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

வாடகைக்கு விட்டுச் செலவை எடுத்துவிடலாம் என்பது

தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது குற்றம். வார இறுதி விருந்தினர் கணக்கெல்லாம் இங்கே செல்லாது, அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு உரிமம் பெற்ற படகில் காசு வாங்கி ஆள் ஏற்றவும் கூடாது. நண்பர்கள் எண்ணெய்ச் செலவைப் பகிர்வது வேறு, தலைக்கு இவ்வளவு என்று விளம்பரம் போடுவது வேறு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான். வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் படகை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் கடல் ஒத்துக்கொள்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

உரிமம் இல்லாமல் சுக்கானைத் தொடுவது

கடல்துறை, துறைமுக ஆணையத்தின் பிபிசிடிஎல் எனும் படகோட்டும் உரிமம் எடுக்காமல் வேண்டாம்.

தீவுதானே என்று எங்கும் போவது

செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு பக்கம் தாராளமாகப் போங்கள். பாவாய், செனாங், சூடோங் மூன்றும் ராணுவம் உண்மையான குண்டுகளைச் சுட்டுப் பயிற்சி செய்யும் இடம், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா காற்று விடியலில் திடீரென்று அடிக்கும். மேற்கு வானம் கறுத்திருந்தால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். கப்பல் பாதைக்குக் குறுக்கே போகும்போது பெரிய கப்பல் விலகிப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு நிற்கவே வெகுதூரம் பிடிக்கும். பாத்தாமின் நோங்சா மரினா கண்ணுக்கு எட்டிய தூரத்தில் தெரிந்தாலும் அது வேறு நாடு. இங்கே குடிநுழைவு அனுமதி பெற்று, படகின் தாள்களையும் எல்லார் கடப்பிதழையும் எடுத்துக்கொண்டு, அங்கேயும் பதிந்த பிறகுதான் இறங்க வேண்டும்.