சமயம், ஆங்கிலக் கட்டுரை, நாடகம்: மூன்றையும் ஒரே பருவத்தில் படிப்பது எப்படி?

இந்த மூன்று பாடங்களையும் ஒரே பருவத்தில் எடுத்துக்கொள்ளும் மாணவர்கள், படிக்க வேண்டிய பக்கங்களின் எண்ணிக்கையைக் கண்டுதான் முதலில் மலைக்கிறார்கள். உண்மையில் இடறச் செய்வது வேறொன்று. ஒவ்வொரு பாடமும் பனுவலை வெவ்வேறு விதமாகப் படிக்கச் சொல்கிறது. பாதிப் பருவம் கழிந்த பின்னரே பலருக்கு அது புரிகிறது.

கல்லூரியில் கற்பிக்கப்படும் சமயவியல், எந்தச் சமயம் மெய் என்று தீர்ப்புச் சொல்லும் பாடமன்று. ஒரு சடங்கை யார், எங்கே, எதைக் கொண்டு செய்கிறார்கள், அதற்கு அவர்களே தரும் விளக்கம் என்ன என்பதை முதலில் விவரிக்க வேண்டும். மதிப்பீடு அதற்குப் பிறகு வரலாம். 1912இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம், புனிதமானவற்றையும் அன்றாடமானவற்றையும் பிரித்துக் காண்பதையே சமயத்தின் அடையாளமாகக் கொண்டார். இத்தகைய கோட்பாடு ஒன்றைப் படித்தவுடன், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழிபாட்டில் அது பொருந்துகிறதா, எந்த இடத்தில் பொருந்த மறுக்கிறது என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். சொந்தச் சமயத்தைப் பற்றி எழுதும்போதுதான் பிழை மிகுதியாக நேர்கிறது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நாமே எண்ணிக்கொண்டு, விளக்க வேண்டியதை விளக்காமல் விட்டுவிடுகிறோம்.

நாடகத்தைக் கதைபோல் படித்தால் பாதிதான் கிட்டும். வாய்விட்டுப் படியுங்கள், ஒவ்வொரு காட்சியிலும் பேசாமல் மேடையில் நிற்பவர் யார் என்பதைப் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பண்டைய கிரேக்க நாடகங்களில் நீங்கள் காணும் மேடைக் குறிப்புகள் பெரும்பாலும் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்த்தவை என்பதால், அவற்றை ஆதாரமாகக் காட்டி வாதிடுவது ஆபத்தானது.

ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு மற்ற இரண்டு பாடங்களும் நல்ல தீனி போடும். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் ‘ஆன்டிகனி’யை எடுத்துக்கொள்வோம். தன் சகோதரனின் உடலை அடக்கம் செய்யக் கூடாது என்ற அரசன் கிரீயானின் ஆணையை ஆன்டிகனி மீறுகிறாள். அதற்காக அவன் அவளைக் குகையில் அடைக்கிறான், பின்னர் மனம் மாறுகிறான். ‘கிரீயான் கொடுங்கோலன்’ என்று தொடங்கும் கட்டுரை அந்த வரியோடு முடிந்துவிடும், ஏனெனில் அதை மறுக்க எவருமில்லை. ‘ஆன்டிகனி தெய்வங்களின் எழுதப்படாத சட்டத்துக்குப் பணிகிறாள்’ என்பது சற்று மேல். ஆயினும் அவளே சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதான். இப்போது பனுவலுக்குத் திரும்புங்கள். முதலில் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனைப் புதை என்று கோரஸ் எனப்படும் பாடகர் குழுவினர் கிரீயானுக்கு அறிவுரை கூறுகிறார்கள். அவனோ முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டு, அதன் பிறகே அவள் அடைபட்ட குகைக்குப் போகிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டிருக்கிறாள். ‘மனம் மாறிய பின்னும் கிரீயான் உயிரோடிருப்பவளைவிடச் சடங்குக்கே முதலிடம் தருகிறான், அவனை வீழ்த்துவது இந்த வரிசைதான்’ என்று எழுதினால், ஒருவர் மறுக்கக்கூடிய, அதனால் நீங்கள் நிறுவ வேண்டிய ஒரு கருத்து கையில் கிடைக்கிறது. சடங்கைக் கவனிக்கச் சமயப் பாடமும், செயலின் வரிசையைக் கவனிக்க நாடகப் பாடமும் பழக்கியிருந்தால்தான் இந்த வரி பிறக்கும்.

இப்படியொரு வரி முதல் வரைவில் அநேகமாகக் கடைசிப் பத்தியில்தான் வந்து நிற்கும். அதை வெட்டி எடுத்து முதல் பத்தியில் வைத்து, மற்றவற்றை அதற்கேற்ப மீண்டும் எழுதுவதே திருத்தம். எழுத்துப்பிழை பார்ப்பது அதற்கப்புறம். ஒரே கட்டுரையை இரண்டு பாடங்களுக்குக் கொடுக்கும் ஆசை எழும். ஆசிரியர்களின் அனுமதியின்றி அப்படிச் செய்வதைப் பல கல்லூரிகள் நேர்மைக் குறைவாகவே கருதுகின்றன, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மேற்கோள் காட்டும் முறையைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் துறைகள் பொதுவாக எம்.எல்.ஏ. (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) முறையைக் கேட்கும், சமயவியலில் அடிக்குறிப்புகள் கொண்ட சிகாகோ முறையும் பரவலாக உண்டு. செய்யுள் நாடகத்துக்குப் பக்க எண்ணைவிட வரி எண்ணே உதவும். மறைநூலுக்கு அதிகாரமும் வசன எண்ணும் தர வேண்டும். எந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதை இரண்டிலும் தவறாமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் ஒரே வரி இரண்டு மொழிபெயர்ப்புகளில் இரண்டு விதமாக வாதிடக்கூடும்.