ஆடு கடித்த புத்தகத்தைச் சரிசெய்வது எப்படி

சோழவந்தான் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு மழை நாள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். சட்டைக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தான். "உள்ள வா தம்பி" என்று மூன்று முறை கூப்பிட்ட பிறகு, "அக்கா, ஆடு தின்னுருச்சு" என்றான். வெளியே எடுத்தது படக்கதைப் புத்தகம். அட்டையில் ஒரு மூலையைக் காணோம். நடுத்தாள் கழன்று தொங்கியது, இன்னொரு தாள் குறுக்கே கிழிந்திருந்தது. அடுத்து அவன் கேட்டது, "எம்புட்டு கட்டணும்?"

எழுத்து எதுவும் போகவில்லை, சரிசெய்யக்கூடிய சேதம்தான். பணத்தைக் கேட்டிருந்தால் புத்தகத்தின் விலை கிடைத்திருக்கும், பையன் திரும்ப வந்திருக்க மாட்டான். "நாளைக்குச் சாயங்காலம் வா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டுவோம்" என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் கிழிந்த பாடப்புத்தகம் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒன்று: செலோடேப்பைத் தொடாதீர்கள். ஒட்டிய அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சில வருடத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பிறகு டேப் தனியாக உரிந்துவிடும், கறை மட்டும் தாளில் தங்கிவிடும். எங்கள் அலமாரியில் நான் பார்த்த சேதங்களில் பாதி, யாரோ நல்ல மனசோடு ஒட்டிய டேப்பால் வந்ததுதான்.

பசையை நாமே காய்ச்சிக்கொள்ளலாம். இரண்டு ஸ்பூன் மைதாவைப் பத்து ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக இருந்த மாவு கொஞ்சம் கண்ணாடி மாதிரி மாறி, கரண்டியிலிருந்து தயிர்போல வழியும்போது இறக்கிவிடலாம். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கட்டி நின்றுவிடும். பூச்சி வராமலிருக்க அந்தக் காலத்து பைண்டர்கள் இதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை. அது விஷம். எங்கள் பிள்ளைகள் விரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் திருப்புகிறார்கள். தேவைக்கு மட்டும் கொஞ்சமாகக் காய்ச்சி, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

இனி கிழிசல். கிழிந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கத்தரியில் வெட்டியதுபோல நேராக இருக்காது. ஒரு பக்கம் சரிந்து, வெள்ளையாக நார் தெரியும். அந்தச் சரிவில்தான் பசை போக வேண்டும். குச்சியில் சுற்றிய பஞ்சாலோ சின்னத் தூரிகையாலோ மிக மெல்லியதாகத் தடவி, எழுத்தோடு எழுத்து சேரும்படி இரண்டு ஓரத்தையும் பொருத்துங்கள். பையன் இந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டான். ஒரு 'யா'வின் கால் கிழிசலின் அந்தப் பக்கம் இருந்தது. அது வந்து தன் எழுத்தோடு சேர்ந்ததும், "அக்கா, ஒட்டுனதே தெரியல" என்றான்.

மேலே ஒரு பட்டையும் வேண்டும். புதுச் சட்டை மடிப்புக்குள் மெல்லிய வெள்ளைத் தாள் வருமே, அது போதும். கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்த ஈரத்தின் மேலேயே கிழித்து எடுங்கள். ஓரம் பஞ்சாகப் பிரிந்து வரும், ஒட்டினால் தடிப்புத் தெரியாது. பிறகு பக்கத்தின் இரண்டு புறமும் கழுவிக் காயவைத்த பால் கவரை விரித்து வைத்துப் புத்தகத்தை மூடி, மேலே பாரம் ஏற்றுங்கள். நான் ஏற்றுவது உடைந்த அம்மிக்கல். ஒரு ராத்திரி இருக்கட்டும். அவசரப்பட்டு எடுத்தால் தாள் அப்பளம்போல நெளிந்துவிடும்.

சிறுவர் புத்தகங்களில் நடுத்தாள் கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஆடு இல்லை, ஸ்டேப்ளர் பின். மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். புத்தகத்தை நடுவில் விரித்தால் பின்னின் இரண்டு கால்களும் மடங்கியிருப்பது தெரியும். மழுங்கிய கத்தியால் முதலில் கால்களை நிமிர்த்துங்கள், அப்புறம் வெளிப்பக்கமிருந்து இழுங்கள். நேரே வெளியிலிருந்து நெம்பினால் தாள் போய்விடும்.

பின் இருந்த இடத்தில் நூல் போடலாம். மேல் பின்னின் ஓட்டையில் ஒன்று, கீழ்ப் பின்னின் ஓட்டையில் ஒன்று, நடுவில் புதிதாக ஒன்று, ஆக மூன்று ஓட்டை. பட்டன் தைக்கிற தடித்த பருத்தி நூலைப் புத்தக உயரத்தைப்போல மூன்று மடங்கு எடுத்து, மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை உரசிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே வாருங்கள், நுனியைக் கொஞ்சம் உள்ளே விட்டு வையுங்கள். வெளிப்பக்கமாகவே மேலே போய் மேல் ஓட்டையில் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடு ஓட்டையைத் தொடாமல் நேராகக் கீழே இறங்கி, கீழ் ஓட்டையில் வெளியேறுங்கள். கடைசியாக நடு ஓட்டையில் உள்ளே வாருங்கள். இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள்.

இந்த முடிச்சு போடும்போதுதான் பையனின் தாத்தா வந்தார். பேரனை ஏதோ தண்டனைக்கு உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்போல. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் வேலை அவருக்கு. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நூலை நனைச்சுக் கட்டு தாயி. நாரை நாங்க நனைச்சுத்தான் கட்டுவோம்" என்றார். வாழைநாருக்கு அது சரி. பருத்தி நூலுக்கு மெழுகுதான் நல்லது. ஆனால் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்கும் அவருடைய முடிச்சை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் தைக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆடு தின்ற மூலைக்கு, அட்டையின் தடிப்புக்கு ஏற்ற வேறொரு அட்டைத்துண்டை வெட்டிப் பொருத்தி, மேலே துணி ஒட்டினோம். முதுகுக்கும் அதே துணி. என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டதால் மடிப்பில் நன்றாகப் படிகிறது. சாயம் போகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஈரத்துணியை வெள்ளைத்தாளில் தேய்த்தால் தெரிந்துவிடும். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துண்டைப் பையனே எடுத்தான்.

இதெல்லாம் சாதாரணப் புத்தகங்களுக்குத்தான். தொட்டால் பொடியாகும் பழைய பதிப்பு, ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி எதிலும் கை வைக்காதீர்கள். தூசு தட்டிப் பருத்தித் துணியில் சுற்றி, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். சாதாரணப் புத்தகத்தை பைண்டிங் கடையில் கொடுத்தால் "ஓரம் வெட்ட வேண்டாம்" என்று எழுதியே கொடுங்கள். ஒருமுறை நான் சொல்ல மறந்து, ஒரு தடித்த நாவல் ஒவ்வொரு வரியிலும் ஓரத்து எழுத்து இல்லாமல் திரும்பி வந்தது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிதாக வாங்கலாமே என்று கேட்கிறார்கள். நாம் கட்டும் சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்கிறது. அந்தக் காசில் வந்த புத்தகம் இது. 2023-இல் மதுரை புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பள்ளியோடு போய்வந்த பிள்ளைகள், இங்கேயும் அழகான புத்தகங்களைத் தேடுகிறார்கள். நடந்து வரும் தூரத்தில் அவர்களுக்கு இருப்பது எங்கள் நூலகம்தான். நூல்கள் பயன்படுத்தவே என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் முதலாவது. பயன்படுத்தினால் கிழியத்தான் செய்யும்.

வேலை முடிந்ததும் பசை மிச்சம் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் வீணான ஒருபக்கத் தாள்களை எனக்காக எடுத்து வைப்பார்கள். அவற்றை எழுத்து உள்ளே போகும்படி மடித்து, பத்துப் பத்தாக அடுக்கி, அதே மூன்று ஓட்டைத் தையல் போட்டால் சட்டைப்பை நோட்டு ஆகிவிடும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, வீட்டில் ஐந்தாறு தைத்துவிடுவேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

பையன் தானே தைத்த முதல் நோட்டைத் தாத்தாவிடம் கொடுத்தான். தையல் கொஞ்சம் கோணல். போன வாரம் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்திலிருந்து வெற்றிலைக் கவுளிக் கணக்கு எழுதியிருந்தது, பாதி நோட்டு தீர்ந்திருந்தது.