டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன்னால்: பழைய பெட்ரோல் டிரக்கில் இக்னிஷன், டைமிங் கோளாறு பார்ப்பது எப்படி?

பழைய டிரக் மக்கர் பண்ணினால் பலரும் முதலில் செய்வது டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) போல்ட்டைத் தளர்த்தி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பதுதான். நானும் செய்திருக்கிறேன். கோளாறு வேறெங்கோ இருக்க, ஒழுங்காக இருந்த டைமிங்கையும் (தீப்பொறி அடிக்கும் நேரம்) கெடுத்து ஒரு பிரச்சினையை இரண்டாக்கிக்கொண்டதுதான் மிச்சம். அதனால் டைமிங்கைக் கடைசியில் தொடுங்கள். இங்கே சொல்வது பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டென்சர் (அந்த பாயிண்ட் கருகாமல் காப்பது) உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அது தனிக் கதை.

முதலில் அறிகுறி. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல சத்தம் வந்தாலோ, சூடான இன்ஜின் செல்ஃப் அடிக்கும்போது முக்கி முக்கிச் சுற்றினாலோ, தீப்பொறி சீக்கிரமே வருகிறது, அதாவது அட்வான்ஸ் அதிகம். இழுவை இல்லை, சீக்கிரம் சூடாகிறது, பெட்ரோலை அள்ளிக் குடிக்கிறது என்றால் ரிடார்ட் ஆகியிருக்கலாம், அதாவது தீப்பொறி தாமதமாக வருகிறது. வெறும் மிஸ்ஸிங் (இன்ஜின் இடையிடையே எரியத் தவறித் திக்குவது) என்றால் பிளக், வயர், கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடி) பக்கம் போங்கள்.

அடுத்து தீப்பொறி. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வேறொரு பிளக்கை ஒரு பிளக் வயரில் செருகி, அதன் இரும்பு உடம்பை ஜம்பர் வயரால் இன்ஜினோடு இணைத்துவிட்டு (கையில் பிடிக்க வேண்டாம், தூக்கிப் போடும்) இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக 'டப் டப்' என்று அடித்தால் நல்லது. மஞ்சளாக, சோர்ந்துபோய் வந்தால் பாயிண்ட், கண்டென்சர், காயில் (பேட்டரி கரண்டை உயர் வோல்டேஜாக மாற்றுவது) மூன்றும் சந்தேகப் பட்டியலில்.

பொறியே இல்லையா? காயிலின் பாசிட்டிவ் முனையில் கரண்ட் வருகிறதா என்று, மறுமுனையை இன்ஜின் உடம்பில் மாட்டிய டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். வந்தால் லேம்ப்பை நெகட்டிவ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமலே எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது எர்த் கிடைக்கவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையேல் காயில் உள்ளே அறுந்திருக்கும். இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இப்போது கேப்பைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கருப்புக் கோடு இருந்தால் தீப்பொறி அந்த வழியில் கசிகிறது. கேப்பை மாற்றுவதுதான் வழி. பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேமின் மேடு பாயிண்டை முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, ஃபீலர் கேஜால் இடைவெளி வையுங்கள். பல இன்ஜின்களில் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், ஆனால் உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே கணக்கு. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும், குறைந்தால் ரிடார்ட். பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு என்பது இதனால்தான்.

சரி, டைமிங். இன்ஜினின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியின் கோட்டைத் துடைத்துச் சாக்பீஸ் தடவுங்கள். டைமிங் லைட்டின் (ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னிக் கோட்டைக் காட்டும் விளக்கு) கிளிப்பை முதல் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள் (இதை மறந்து ஒரு மாலை முழுக்க நான் வீணடித்திருக்கிறேன்). ஐடிலில் ஓடவிட்டு லைட் அடியுங்கள். சட்டை நுனி, லைட் வயர் எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது, இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கு அசையும் அளவு போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டார் (கேப்புக்குள் சுழலும் கை) சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட். மேனுவல் சொன்ன டிகிரியில் நிறுத்தி, இறுக்கிவிட்டு மறுபடி ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும். பிறகு மெதுவாக ரேஸ் கொடுங்கள். கோடு நகர வேண்டும். நகராவிட்டால் உள்ளே வேகத்துக்கேற்ப தீப்பொறியை முன்னே தள்ளும் அட்வான்ஸ் வெயிட்கள் துருவேறி இறுகியிருக்கும்.

கோடு நிற்காமல் ஆடுகிறதா? இன்ஜினை நிறுத்திவிட்டு, கேப்பைக் கழற்றி, புல்லியை ஸ்பேனரால் முன்னும் பின்னும் அசையுங்கள். புல்லி சில டிகிரி திரும்பியும் ரோட்டார் சும்மா நின்றால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் அது தீராது.

டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி மாட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகாமல் கார்ப்பரேட்டர் வழியாகச் சுட்டால், முதல் பிளக்கைக் கழற்றித் துளையில் கட்டைவிரலை வைத்து, புல்லியைக் கையால் சுற்றுங்கள். ரோட்டார் ஒரு சுற்று வருவதற்குள் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். காற்று விரலைத் தள்ளும் முறைதான் கம்ப்ரஷன். அப்போது ரோட்டார் முதல் வயரைக் காட்டாமல் அதற்கு மறுபக்கத்தைக் காட்டி நின்றால் டிஸ்ட்ரிபியூட்டரை அரைச் சுற்று (180 டிகிரி) தள்ளி மாட்டியிருக்கிறீர்கள்.

எல்லாம் முடிந்தால் வேக்கம் ஹோஸை மாட்டி, சுமையோடு ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். கல் குலுக்கும் சத்தம் வந்தால் ஒன்றிரண்டு டிகிரி ரிடார்ட் செய்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.