குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அணிவகுப்பு: கடற்கரை மணலில் பழகும் முறை

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை வாங்கி எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்கும் பாதுகாப்பின் பெரும்பகுதி, பந்து நகர்வதற்கு முன்பே, மற்ற 10 பேரும் எங்கே நிற்கிறார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், அரியமான், தேவிபட்டினம் பகுதிக் கடற்கரையில் இந்த ஆட்டத்தைப் பழக விரும்பும் இளைஞர்கள், எறிவதற்கும் பிடிப்பதற்கும் முன்னால் நிற்கும் முறையைப் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தலைக்கவசமும் தோள்கவசமும் இல்லாதவர்கள் ஒருபோதும் மோதிப் பழகக் கூடாது. இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு, அதை எதிரணியினர் உருவினால் ஆட்டம் நின்றது என வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பதை நடைவேகத்தில் பழகினால் போதும்.

முதலில் ஆள்கணக்கைப் பார்ப்போம். மணலில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி அதையே, இரு அணியும் எதிரெதிரே நிற்கும் ஸ்க்ரிமேஜ் கோடாகக் கொள்ளுங்கள். நடுவில் பந்தைப் பின்னால் அனுப்பும் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள் என 5 பேர் நிற்பார்கள். எந்த அணிவகுப்பிலும் காவலுக்கு இந்த ஐவர் உறுதி. குவார்ட்டர்பேக்கைக் கழித்தால் மீதம் இருப்பதும் ஐவரே; அவர்களை எங்கே நிறுத்துவது என்பதுதான் பயிற்சியாளர் எடுக்க வேண்டிய முடிவு. ஐவரையும் பந்து பிடிக்க அகலமாகப் பரப்பி நிறுத்தும் 'எம்ப்டி' அணிவகுப்பில், எதிரணி 6 பேரை ஏவினால் ஒருவர் தடையின்றி உள்ளே வந்தே தீருவார். அவர் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மாறாக, டேக்கிளை ஒட்டி நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் ஒரு டைட் எண்டும் பின்னால் இருவரும் நிற்கும் 'ஐ' அணிவகுப்பில் அந்த மூவரையும் காவலுக்கே வைத்துக்கொண்டால் தடுப்பவர்கள் 8 பேர் ஆகிவிடுவார்கள். அப்போது குவார்ட்டர்பேக்குக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் பந்து பிடிக்க ஓடுபவர்கள் இருவர் மட்டுமே. அவர்களை எதிரணி எளிதாக மடக்கிவிடும். தொடக்கநிலையில் டைட் எண்ட், பின்னால் நின்று பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் இருவரையும் சேர்த்து 7 பேரைக் காவலுக்கு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது, குவார்ட்டர்பேக் எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பது. சென்டரை ஒட்டி நின்று கையோடு பந்தை வாங்கினால், அவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே களத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஏறத்தாழ 5 கெஜம் பின்னால் நிற்கும் ஷாட்கன் அணிவகுப்பில் அந்தத் தூரம் முன்கூட்டியே கிடைத்துவிடுவதால், எதிரணியில் யார் முன்னேறி வருகிறார்கள் என்பது தொடக்கத்திலேயே கண்ணில் படும். 1960இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு இதைக் கொண்டுவந்தவர் அதன் பயிற்சியாளர் ரெட் ஹிக்கி. 1975இல் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி டாலஸ் அணியில் இதற்கு மறுவாழ்வு தந்தார். நெவாடா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் கிறிஸ் ஆல்ட் 2005இல் புகுத்திய பிஸ்டல் அணிவகுப்பில், குவார்ட்டர்பேக் சுமார் 4 கெஜம் பின்னாலும் ரன்னிங் பேக் அவருக்கு நேர் பின்னாலும் நிற்பார்கள். ஓட்டம் எந்தப் பக்கம் என்பதை இது மறைக்கும்; ஆனால் காவலுக்கு வரும்போது ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்கைச் சுற்றி வர வேண்டும் என்பதால் அரைநொடி தாமதமாகும்.

வலக்கையால் எறிபவருக்கு இடப்பக்கம் முதுகுப்பக்கம் ஆகிவிடுகிறது; அங்கிருந்து பாய்பவர் அவர் கண்ணில் படுவதில்லை. 1985 நவம்பரில் வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன், எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் மடக்கியபோது கால் முறிந்து, அத்துடன் ஆட்டவாழ்வையே இழந்தார். இடது டேக்கிள் திணறுகிறார் என்றால் டைட் எண்டை அவருக்கு வெளியே நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து பாய்பவர் அதற்கும் வெளியே சென்று நிற்க நேரும். அவர் ஓட வேண்டிய தூரம் கூடும். தடுப்பவர்களுக்கு இடையிலான இடைவெளியை அகலமாக்கியும் இதைச் செய்யலாம், ஆனால் நடுவே வழி திறந்துவிடும். பழகுவோருக்கு இரண்டடி இடைவெளி போதும்.

டேக்கிளின் காலடியைச் சரிபார்க்கக் கடற்கரையைவிட நல்ல இடம் கிடையாது. அலை நனைத்த ஈரமணலில் அவரைப் பின்னோக்கி நகரச் சொல்லுங்கள். வெளிக்கால் பின்னே போக, உள்கால் மணலை உரசியபடி அதைத் தொடர வேண்டும். சுவடுகள் இரண்டு தனி வரிசைகளாக இருந்தால் அவர் சமநிலையில் இருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தால் கால்கள் குறுக்கிட்டிருக்கின்றன, அந்த நொடியில் எதிராளி அவரைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்துவிடுவார்.

ரன்னிங் பேக்கின் பார்வை எப்போதும் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். நடுவழியே வருபவருக்குத்தான் தூரம் குறைவு என்பதால், முதலில் சென்டருக்கும் கார்டுக்கும் இடையே பார்த்து, அங்கே ஆள் இல்லை என்று உறுதியான பிறகே ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஷாட்கன்னில் அவரைக் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்பக்கமாக நிறுத்துவது நல்லது. ஒரே பக்கத்தில் தொடர்ந்து நிறுத்தினால் எதிரணி அதைக் கண்டுகொண்டு மறுபக்கமாகப் பாயும் என்பதால், அவ்வப்போது மாற்றியும் பழகுங்கள்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாடைக் காலத்தில் அரியமான் போன்ற பாக் நீரிணைக் கரையில், கரைக்கு இணையாகக் களம் அமைத்தால் காற்று குறுக்கே அடிக்கும். சென்டர் கால்களுக்கு இடையே பின்னால் அனுப்பும் பந்து விலகிப் போகும். பந்தைத் தேடிக் குனியும் குவார்ட்டர்பேக்கை எத்தனை பேர் காத்தாலும் பயனில்லை. அத்தகைய நாளில் அவரை 3 கெஜத்தில் நிறுத்தித் தொடங்குங்கள். பந்து தொடர்ந்து அவருடைய மார்புக்கு நேராக வந்து சேர்ந்த பிறகே ஒவ்வோர் அடியாகப் பின்னே போகச் சொல்லுங்கள்.