தொங்கவிட்டு முறுக்காதீர்கள்: தாழ்த்திய காரின் சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்தில் பின்சக்கர இயக்கக் கார் என்றால் ஒரு காலத்தில் அம்பாசடரும் பத்மினியும் கான்டெஸ்ஸாவும்தான். இப்போது பெங்களூரிலும் சென்னையிலும் கைமாறும் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்கள் காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர் வரை வந்துவிட்டன. வாங்கிய கையோடு காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) போட்டுத் தாழ்த்துபவர்களும் பெருகியிருக்கிறார்கள். அப்படித் தாழ்த்திய கார்களின் சஸ்பென்ஷனைச் சீர்செய்வதே என் தொழில். தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகளையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது, ஒழுகும் ஷாக் அப்சார்பரை மாட்டக் கூடாது என்பனவெல்லாம் எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

உயரத்தைக் கண்ணால் முடிவு செய்வது

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும் என்று உயரத்தை முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டிய இடைவெளி அதுவன்று. கார் நிற்கும் நிலையில், ஷாக்கின் தண்டு பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது முட்டும் தடுப்பை) எட்டுவதற்கு முன் இன்னும் எவ்வளவு உள்ளே போக முடியும் என்பதே கணக்கு. பளபளப்பான அந்தத் தண்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, ஷாக்கின் வாயருகே தள்ளி வைத்துவிட்டு, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஊருக்குள் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர்களிலும் வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டேக் மேலே ஏறி நிற்கும் இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

வளைவின் நடுவில் வெளிப்புறப் பின்சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டினால், அந்த மூலையின் கடினம் ஒரே நொடியில் பல மடங்காகிறது. சுமையெல்லாம் அந்த ஒரு டயரின் மேல் ஏற, டயர் பிடியை விடுகிறது. பின்சக்கர இயக்கக் காரில் அதே டயர்தான் எஞ்சினின் இழுப்பையும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதால், வால் எச்சரிக்கையின்றி வெளியே போகும். முன்பக்கத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷனில், சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேலேறும் அளவுக்குத் தாழ்த்தினால், ரோல் சென்டர் (வளைவில் கார் சாய்வதற்கு அச்சாக அமையும் புள்ளி) காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், அதே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு பார்த்தால், தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகவே சாயும். நம் சாலைகளுக்குக் கம்பெனி உயரத்திலிருந்து 25 முதல் 30 மி.மீ. வரை போதும் என்பது என் முடிவு.

ஸ்பிரிங்கைத் திருகினால் கடினமாகும் என்று நம்புவது

ஆகாது. ஒரே சீரான ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியிலும் சுற்றுகளிலும் இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகுவதால், காயில்ஓவரின் வகையைப் பொறுத்து, காரின் உயரமோ சக்கரம் கீழே தொங்கும் அளவோ மட்டுமே மாறும்.

புஷ் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையில் இறுக்குவது

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். காரை இரண்டு தூண் லிஃப்டில் தூக்குகிறார்கள், காயில்ஓவரை மாட்டுகிறார்கள், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் இம்பாக்ட் கன்னால் இறுக்கி முடித்துக் காரை இறக்கிவிடுகிறார்கள். வேலை சுத்தமாக முடிந்ததைப் போலவே தெரியும்.

ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சேதம் புரியும். புஷ்ஷின் வெளி வளையம் ஆர்முக்குள் அழுத்தி ஏற்றப்பட்டது. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயைப் போல்ட் சப்ஃபிரேமோடு (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டத்தோடு) சேர்த்துக் கவ்வுகிறது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் இரு பக்கமும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கிய பிறகு அதில் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ஆர்ம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கிறது. ஆகவே கார் தன் எடையில் நிற்கும் நிலைதான் ரப்பருக்கு முறுக்கில்லாத நிலையாக இருக்க வேண்டும். 350 மி.மீ. நீளமுள்ள ஓர் ஆர்ம் 90 மி.மீ. தொங்கிய நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் நிற்கும்போதே அந்தப் புஷ் கிட்டத்தட்ட 15 டிகிரி முறுக்கிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அதற்கு மேலும் முறுக்கும். கம்பெனி உயரத்தில் இருக்கும் காரே இதனால் பாதிக்கப்படும். தாழ்த்திய காரில் தொங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்துப் பாதிப்பு இன்னும் கூடும்.

முறுக்கிய ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதாவது ஆர்மைக் கீழே தள்ளிக் காரை மேலே தூக்கும். யாரும் கேட்காத ஒரு கூடுதல் ஸ்பிரிங் ஒவ்வொரு மூலையிலும் வந்து சேர்கிறது. உயரம் குறையவில்லையே என்று உரிமையாளர் வளையத்தை இன்னும் திருகித் தாழ்த்துவார். அந்த நிலையிலேயே வீல் அலைன்மென்ட்டும் நடக்கும். சில மாதங்களில் ரப்பர் கிழிந்து தளர, கார் தானாகவே இன்னும் இறங்கிப் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொள்ளும். அலைன்மென்ட்டும் அதோடு போய்விடும்.

ஆம்பூரிலிருந்து ஓர் இளைஞர் கொண்டுவந்த 3 சீரிஸில் இந்தக் கதை முழுவதையும் பார்த்தேன். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் காயில்ஓவர் மாட்டியிருந்தார். நெடுஞ்சாலை மேம்பாலங்களின் இணைப்புகளில் பின்பக்கம் தூக்கியடிக்கிறது என்று சொன்னதற்கு, ஷாக் போய்விட்டது என்று சொல்லி இரண்டாவது ஜோடியையும் அவர்களே விற்றிருக்கிறார்கள். "அண்ணா, ஷாக்கையே மாத்திட்டேன், ஃபுல் சாஃப்ட்ல வெச்சும் அடிக்குது" என்றார். பின் டயர்களின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. காரைச் சக்கரங்களின் மேலேயே நிறுத்தி, சப்ஃபிரேம் பக்கத்துப் போல்ட் ஒன்றைத் தளர்த்தியதும் உள்குழாய் டக்கென்று சுழன்று திரும்பியது. அடுத்தடுத்துத் தளர்த்தத் தளர்த்த, யாரும் வளையத்தைத் தொடாமலே கார் கண்ணெதிரே கீழே இறங்கியது. கழற்றிய புஷ்களில் ரப்பர் உள்குழாயைச் சுற்றிப் பிறை வடிவில் கிழிந்து, அந்தப் பிளவுக்குள் பாலாற்று மணல் ஏறியிருந்தது. ஷாக்கில் எந்தக் குறையும் இல்லை. முதல் ஜோடியிலும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். சில போல்ட்டுகளைச் சரியான நிலையில் இறுக்கியிருந்தால், அந்த இளைஞருக்கு ஒரு ஜோடி ஷாக்கும் இரண்டு டயரும் மிஞ்சியிருக்கும்.

சரியான முறை கடினமானதன்று. போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுக் காரை இறக்குங்கள். முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்தி விட்டு உயரத்தை அமையவிடுங்கள். சக்கரம் மாட்டும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குழியின் மேலோ நான்கு தூண் லிஃப்டிலோ நிறுத்தி, குறித்த விசைக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். இரண்டு தூண் லிஃப்ட் மட்டுமே இருந்தால், ஹப்பின் அடியில் ஜாக்கி கொடுத்து, குறித்த அளவு வரும்வரை தூக்கி, கார் லிஃப்டின் கைகளை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொண்டு, அந்த நிலையில் இறுக்கலாம். டார்க் அளவும் கோணமும் சேர்த்து இறுக்கச் சொல்லியிருக்கும் போல்ட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும்.

இறுக்கியவுடன் உள்குழாயிலிருந்து ஆர்ம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்கோடு இழுத்து வைப்பது என் வழக்கம். அடுத்த முறை கார் நிற்கும்போது அந்தக் கோடு உடைந்து தெரிந்தால் புஷ் முறுக்கியிருக்கிறது என்று பொருள். பின்னாளில் உயரத்தை 10 மி.மீ. மாற்றினாலும் எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். பந்து மூட்டுகளுக்கும், தன் குழாயின் மேல் வழுக்கிச் சுழலும் பாலியூரித்தேன் புஷ்களுக்கும் இந்த விதி பொருந்தாது. பாலியூரித்தேனுக்கு உரிய கிரீஸ் வேண்டும், அவ்வளவுதான்.

கிளிக்கை எண்ணாமல் திருகுவது

ஷாக்கின் கடினத்தை மாற்றும் குமிழை முழுக் கடினத்திலிருந்து பின்னோக்கிக் கிளிக் கிளிக்காக எண்ணி, இரு பக்கமும் ஒரே எண்ணில் வைத்து, எழுதி வையுங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு வைத்த எண் ஏலகிரி ஏறப் பயன்படாது.

டயர் தேய்ந்ததும் கேம்பரைப் பழிப்பது

தாழ்த்திய காரின் பின்சக்கரம் உள்பக்கம் சாய்ந்திருப்பதை, அதாவது கேம்பரை, பார்த்ததும், டயரைத் தின்றது அதுதான் என்று எல்லோரும் முடிவுகட்டுகிறார்கள். டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரியாக இருந்தால், மைனஸ் ஒன்றரை, இரண்டு டிகிரி கேம்பரில் பின் டயர் ஒழுங்காகவே ஓடும். டயரைச் சாலையில் பக்கவாட்டில் உரசவைப்பது டோதான்; தாழ்த்தும்போது அதுவும் கேம்பரோடு சேர்ந்து மாறுகிறது. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் 0.10 டிகிரி அளவு உள்நோக்கிய டோ வைப்பேன். வெளிநோக்கி மட்டும் விடவே கூடாது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வால் அலையும். ஓட்டுநர் இருக்கையில் அவருடைய எடையை வைத்து, டேங்கில் பாதி எரிபொருளோடு அளப்பது நல்லது. புஷ்களை இறுக்கி முடிக்காத காருக்கு அலைன்மென்ட் பார்த்துத் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன்.

முகப்பு விளக்கை மறப்பது

செனான் விளக்குள்ள கார்களில் உயரத்தை அறியும் சென்சாரின் சிறு கம்பி சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைந்திருக்கும். தாழ்த்தும் வேலையில் அதைக் கழற்றிப் பக்கத்தில் கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பிறகு விளக்கு தன் மட்டம் தெரியாமல், வாலாஜாபேட்டைச் சாலையில் இரவில் எதிரே வரும் பைக்காரரின் கண்ணில் அடிக்கும். கம்பியை மாட்டி, சென்சாருக்குப் புதிய உயரத்தைக் கணினி வழியே பதிவுசெய்து, சுவரில் ஒளிக்கோட்டைச் சரிபார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.